வெளியே வராத நெருப்பு

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குக் காரில் போகிறவர்கள் கீரனூர் தாண்டியதும் ஒருமுறையாவது ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பார்த்திருப்பார்கள். அதுவரை தட்டையான பூமி. சீமைக்கருவேலம், தைலமரத் தோப்பு, பாதி வற்றிய கண்மாய். அதற்கு நடுவே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மொட்டைப் பாறைகள் எழுந்து நிற்கும். யானைகள் படுத்திருப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக நார்த்தாமலைக் குன்றுகள். மரம் இல்லை, மண் இல்லை. வழுவழுப்பான சரிவு, அதில் மேலிருந்து கீழே வழிந்து உறைந்ததுபோலக் கறுப்புத் தாரைகள்.

போன மாசி மாதம் என்னுடன் வந்த அண்ணன் மகன் அந்தத் தாரைகளைக் காட்டித்தான் கேட்டான்: "சித்தப்பா, இது அந்தக் காலத்து எரிமலைதானே?"

"எதை வெச்சு சொல்றே?"

"குழம்பு வழிஞ்ச தடம் அப்படியே இருக்கு. மேல பள்ளம் இருக்கு, அதுல தண்ணி நிக்குதுன்னு அம்மா சொன்னாங்க. எரிமலை வாய்தானே அது?"

பதின்மூன்று வயதுப் பையனின் இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் பலர் வாயிலும் கேட்டிருக்கிறேன். திருவண்ணாமலை, திருமயம், மதுரை யானைமலை என்று தனித்து நிற்கும் எந்தப் பாறையைப் பற்றியும் இப்படி ஒரு பேச்சு உண்டு. கேள்வியில் பாதி சரி. இந்தப் பாறைகள் நெருப்பில் பிறந்தவைதான். ஆனால் இங்கே எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. அந்த மற்றப் பாதிக்கு விடை தேடித்தான் அன்று நார்த்தாமலையிலிருந்து சித்தன்னவாசல், குடுமியான்மலை வழியாகத் திருமயம் வரை போனோம்.

எரிமலை நிலம் எப்படி இருக்கும்?

பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறையைப் பாறைக்குழம்பு என்போம். அது வெளியே வந்து வழிந்தால் எரிமலைக்குழம்பு. வெளியே வந்த குழம்பு எப்படிப்பட்ட நிலத்தை உண்டாக்கும் என்று பார்க்க மும்பையிலிருந்து புனேக்குப் போகும் மலைச்சாலையில் ஒருமுறை போனால் போதும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகள் வழியே குழம்பு மீண்டும் மீண்டும் பொங்கிப் பரவியது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை அந்தத் தக்காணப் பாறை மூடியிருக்கிறது. மலைகளின் பக்கவாட்டைப் பாருங்கள்: இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோலப் படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படியும் ஒரு பொங்கல். அஜந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பட்டது அந்தக் கறுப்புப் பாறையில்தான்.

இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு. 1787இல் அது குமுறியதைக் கடலோடிகள் எழுதி வைத்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி விழித்தது. இந்தியாவுக்கு வெளியே, தமிழர்களுக்கு உறவுள்ள எரிமலை ஒன்றும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கூட்டிப் போகப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே கோயில் கட்டி, தீமிதித்து வாழ்கிறார்கள். அந்தத் தீவின் எரிமலை உலகிலேயே அதிகம் குமுறும் எரிமலைகளில் ஒன்று. 2007இல் அதன் குழம்பு கடலோர நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் விழுந்தது. தக்காணத்தைக் குழம்பால் மூடிய அதே அடியாழத்து வெப்ப ஊற்றுதான் இன்று ரெயூனியனுக்குக் கீழே இருக்கிறது என்பது பெரும்பாலான நிலவியலாளர்களின் முடிவு. இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது. அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

புதுக்கோட்டையில் இந்த அடுக்கும் இல்லை, சாம்பலும் இல்லை, குழம்பு ஓடிய ஆறும் இல்லை. தமிழ்நாட்டில் அவ்வப்போது "வயலில் எரிமலைக்குழம்பு" என்று செய்தி வரும். அப்படிச் சொல்லப்பட்ட இடங்களை ஆராய்ந்தபோது, உயர் அழுத்த மின்கம்பியிலிருந்து நிலத்துக்குள் இறங்கிய மின்சாரம் மண்ணை உருக்கிக் கண்ணாடிக் கட்டியாக்கியிருந்தது தெரியவந்ததும் உண்டு. நார்த்தாமலையின் கதை வேறு. அதைச் சொல்ல எனக்கு அன்று உதவியது அண்ணி கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலம்.

கருப்பட்டியும் கற்கண்டும்

மேலமலைச் சரிவில் விஜயாலய சோழீச்சரத்துக்கு ஏறும் வழியில் உட்கார்ந்தோம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை. மலையின் பாறையும் கோயிலின் பாறையும் ஒரே சாதி என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். பையனுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அண்ணி பனங்கற்கண்டு மடித்துக் கொடுத்திருந்தார். சுக்குக்காப்பிக்கென்று வழியில் நான் வாங்கிய கருப்பட்டி ஒன்றும் பையில் இருந்தது. இரண்டையும் பாறைமேல் வைத்தேன்.

இரண்டும் பதநீரில் பிறந்தவை. பதநீரைக் காய்ச்சி, பாகு கெட்டிப்பட்டதும் கொட்டாங்கச்சியில் ஊற்றினால் சில மணி நேரத்தில் இறுகிக் கருப்பட்டியாகும். உடைத்துப் பார்த்தால் உள்ளே மணியே தெரியாது, மாவுபோல இருக்கும். அதே பதநீரைக் கற்கண்டுப் பதத்தில் காய்ச்சி, நூல் தொங்கவிட்ட பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் ஏறத்தாழ 40 நாள் வைத்திருந்தால் நூலைப் பற்றிக்கொண்டு பட்டை பட்டையாகப் படிகங்கள் வளரும். பாகு ஒன்று. கிடைத்த நேரம்தான் வேறு. அவசரமாக இறுகினால் அணுக்களுக்கு ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்காது. ஆற அமர ஆறினால் ஒவ்வொரு மணியும் பெரிதாக வளரும்.

"இப்ப பாறையைப் பாரு" என்று லென்ஸைக் கொடுத்தேன்.

லென்ஸ் இல்லாமலே தெரிந்திருக்கும். காலடியில் இருந்த பாறை சமமான ஒரே நிறம் இல்லை. வெளிர் சிவப்பில் ஒரு மணி, உளுந்து அளவுக்கு. அதன் பக்கத்தில் கண்ணாடிபோல மங்கலான சாம்பல் மணி. இடையிடையே கறுப்பாக மினுங்கும் செதில்கள். நகத்தால் கீறினால் ஏடு ஏடாகப் பெயரும். சிவந்ததும் வெளுத்ததும் ஃபெல்ஸ்பார். கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ், நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அதே பொருள். மினுங்கும் செதில் மைக்கா. காக்காப்பொன் என்று சிறுவயதில் பொறுக்கி வைத்துக்கொண்டது. இந்த மூன்றும் பின்னிய பாறைதான் கிரானைட். (கடைகளில் மெருகேற்றி விற்கும் கல்லையெல்லாம் கிரானைட் என்கிறார்கள். வியாபாரப் பெயர் அது. அடுப்படி மேடைக்குப் போடும் முழுக்கறுப்புக் கல்லை நிலவியலாளர் கிரானைட் என்று சொல்ல மாட்டார்.)

மணி கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது கற்கண்டு. மெதுவாக ஆறியது. எரிமலைக்குழம்பு காற்றில் ஆறும். ஒரு மீட்டர் தடிமனுள்ள ஓட்டம் சில நாட்கள், சில வாரங்களில் இறுகிவிடும். தக்காணத்துக் கறுப்புப் பாறை அதனால்தான் கருப்பட்டிபோல மணி தெரியாமல் இருக்கிறது. நார்த்தாமலைப் பாறை உளுந்தளவு மணி வளர்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆறியிருக்க வேண்டும். அவ்வளவு மெதுவாக ஆற ஒரே ஒரு இடம்தான் உண்டு: பூமிக்குள்ளே, மேலே பல கிலோமீட்டர் பாறையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு.

ஏன் வெளியே வரவில்லை?

கீழே 700 டிகிரிச் சூட்டில் உருகிக் கிடந்த குழம்பு ஏன் மேலே வந்து வெடிக்கவில்லை? அதன் பதம் அப்படி. தக்காணத்துக் குழம்பு 1,100 டிகிரிக்கு மேல் சூடானது, ஓடும் பதம். கிரானைட் குழம்பில் மணற்சத்து அதிகம், சூடு குறைவு. கேழ்வரகுக் களியைக் கிண்டியவர்களுக்கு அந்த இறுக்கம் தெரியும். அது மேலே ஏற முயன்று, ஏற ஏறக் கெட்டிப்பட்டு, பாதி வழியிலேயே நின்றுவிடும். அப்படி நின்று ஆறியதை ஆழ்பாறை என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டைக் குன்றுகள் எல்லாம் கலப்படமற்ற கிரானைட் இல்லை. பல இடங்களில் வெள்ளையும் கருமையுமாக வரிகள் ஓடும். சில இடங்களில் அந்த வரிகள் மடிந்து சுருண்டிருக்கும். இதை நைஸ் என்பார்கள், வரிப்பாறை என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே இருந்த பாறை ஆழத்தில் மறுபடி வெந்து, அழுத்தத்தில் பிசையப்பட்டு உருவானது. பரோட்டா மாவை வீசி மடித்துச் சுருட்டுவதைப் பார்த்த கண்ணுக்கு வரிப்பாறையின் மடிப்பு புதிதாக இருக்காது. கல் உருகாமலே மடிந்தது, அங்கங்கே வேர்த்ததுபோல உருகியும் இருக்கிறது. வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு விரல் தடிமனில் வெள்ளைக் கோடு போனால் அது கடைசியாக மிஞ்சிய குழம்பு, வெடிப்புக்குள் புகுந்து இறுகியது.

தென்னிந்தியாவின் இந்தப் பகுதி சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய இடிபாட்டில் சிக்கியது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்ட்டிகா, இந்தியா ஆகியவை நெருங்கி ஒட்டிக் கோண்டுவானா என்ற ஒரே கண்டமான காலம் அது. நிலங்கள் மோதிய இடத்தில் மலைத்தொடர்கள் எழுந்தன. அடியில் பாறைகள் வெந்தன. நமக்கும் இலங்கைக்கும் அடிப்பாறை ஒரே குடும்பமாக இருப்பது அதனால்தான். இமயமலைக்குக் காரணமான மோதல் தொடங்கி 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. நார்த்தாமலைப் பாறை வெந்தபோது தரையில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை.

மலை வரவில்லை

நார்த்தாமலைக்கு ஒரு கதை உண்டு. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டுகள் இவை. அதனால்தான் இங்கே மூலிகை அதிகம் என்பார்கள். இந்தக் கதையை நான் மிகவும் மதிக்கிறேன். கதை சொன்னவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். சுற்றிலும் சமவெளி இருக்க, இந்த மலை மட்டும் எங்கிருந்து வந்தது?

மலை எங்கிருந்தும் வரவில்லை. சுற்றி இருந்த நிலம் போய்விட்டது.

ஆழ்பாறை என்றால் அதற்கு மேல் ஏதோ இருந்திருக்க வேண்டும். கணக்குக்காக 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவும் எங்கே? மழையும் காற்றும் அரித்துத் தீர்த்தன என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். பொறுமையாகக் கணக்குப் போட்டால் நம்பிக்கை வரும். நிலம் 50 ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் தேய்கிறது என்று கொள்வோம். ஒரு மனிதர் குழந்தையாகப் பார்த்ததும் பேரன் பேத்தி எடுத்தபின் பார்ப்பதும் ஒரே நிலமாகத்தான் தெரியும். ஐம்பது பைசா நாணயத்தின் தடிமன்கூடக் குறைந்திருக்காது. 10 கிலோமீட்டரில் ஒரு கோடி மில்லிமீட்டர். ஒரு கோடியை 50ஆல் பெருக்கினால் 50 கோடி ஆண்டு. பாறை வெந்த காலத்திலிருந்து இன்றுவரை நமக்கு இருக்கும் அவகாசமும் ஏறத்தாழ அதுதான். வெடிப்போ பிரளயமோ தேவைப்படவில்லை.

ஆனால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் தேய்ந்திருந்தால் மலையே மிஞ்சியிருக்காதே? இந்தச் சந்தேகத்துக்குப் பதில் குடுமியான்மலையில் இருக்கிறது. மேலைக்கோயில் என்ற குகைக்கோயிலை ஒட்டிய பாறைமுகத்தில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழு பண்களுக்கான சுர வரிசைகள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. வயது சுமார் 1,300 ஆண்டு. நம் கணக்குப்படி இதற்குள் 26 மில்லிமீட்டர் பாறை தேய்ந்திருக்க வேண்டும். உளியால் வெட்டிய எழுத்தின் ஆழம் அதற்குள் அடங்கிவிடும். கல்வெட்டு எப்போதோ வழித்துத் துடைத்த சிலேட்டாகியிருக்கும். இன்று போய்ப் பாருங்கள், வரிகள் நிற்கின்றன.

செங்குத்தான முகம் என்பதால் மழை அதில் தங்குவதில்லை என்பது ஒரு காரணம். அந்தக் காரணத்தின் உள்ளேதான் குன்றுகளின் ரகசியமே இருக்கிறது. மொட்டைப் பாறையில் பெய்த மழை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மண்ணுக்கடியில் இருக்கும் பாறையோ மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறும். இலைமக்கின் அமிலம் வேறு சேரும். விரிசல் நிறைந்த பாறைக்குள் நீர் புகுந்தது, அது இற்றது, மண்ணானது, மேலும் ஈரத்தைப் பிடித்தது, மேலும் இற்றது. விரிசல் இல்லாத முழுப்பாறை நீரை உள்ளே விடவில்லை. சுற்றுப்புறம் தாழத் தாழ அது தலைகாட்டியது. தலைகாட்டியபின் மழை வழிந்தோடிவிடுவதால் இன்னும் மெதுவாகத் தேய்ந்தது. கடலில் தீவுபோல நிற்பதால் உலகெங்கும் இதைத் தீவுக்குன்று என்ற பொருளிலேயே அழைக்கிறார்கள்.

வெங்காயத் தோல்

சித்தன்னவாசலில் ஏழடிப்பாட்டம் போகும் பாதையில் பாறையில் வெட்டிய கால்பதிக்கும் படிகள் வழியே குன்றின் மறுபக்கம் திரும்ப வேண்டும். அங்கே பாறை குடைபோல் முன்னால் நீண்டிருக்கிறது. அதன் அடியில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், வழவழப்பாக. ஒரு படுக்கையின் ஓரத்தில் 2,000 ஆண்டுக்கு மேல் பழமையான தமிழி எழுத்து. ஓவியக் குகையான அறிவர்கோயிலை மனிதர் குடைந்தார்கள். ஏழடிப்பாட்டத்தின் கூரையை யாரும் குடையவில்லை.

பல கிலோமீட்டர் பாறையின் சுமையில் இறுகிப் பிறந்த கல் இது. மேற்சுமை கொஞ்சம் கொஞ்சமாக நீங்கியபோது, அழுத்திப் பிடித்த பஞ்சு மெத்தையை விட்டதுபோலக் கல் மேல்நோக்கி விரிந்தது. கல் பஞ்சுபோல இளகாது. அதனால் மேற்பரப்புக்கு இணையாக வெடித்தது. வெங்காயம் தோல் தோலாக உரிவதுபோலக் குன்றும் தகடு தகடாக உரியும். உரிந்த தகடுகளுக்கு இடையில் கீழ்ப்பகுதி உதிர்ந்து போனால் மேல்தகடு கூரையாக நிற்கும். சமணர் படுத்த நிழல் அப்படிக் கிடைத்தது. குன்றுகள் வட்டமாக, யானை முதுகுபோல இருப்பதற்கும் இந்த உரிதல்தான் காரணம்.

கல்லுடைப்பவர்கள் இதை எந்த நூலும் படிக்காமல் அறிந்தவர்கள். தென்னிந்தியக் கல்வேலையில் ஒரு பழைய முறை உண்டு. பாறைமேல் விறகை வரிசையாக அடுக்கி எரித்து, நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். சூட்டில் மேல்தோல் விரியும், உள்பாறை குளிர்ந்தே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடியில் 'டப்' என்று சத்தம். சம்மட்டியால் தட்டிக்கொண்டே போவார்கள். விட்டுப்போன இடத்தில் ஓசை மாறும். பிறகு கடப்பாரையால் நெம்பினால் பலகைபோல ஒரு தகடு வரும். இயற்கை சுமையை எடுத்துச் செய்த வேலையை இவர்கள் சூட்டைக் கொடுத்துச் செய்தார்கள். சிற்பிகள் கல்லைத் தட்டி, மணிபோல் ஒலித்தால் ஆண்கல் என்று எடுத்துக்கொள்வதிலும் அதே அறிவு இருக்கிறது. உள்ளே மயிரிழை வெடிப்பு இருந்தால் ஓசை தடைப்படும்.

உச்சியில் ஒரு பள்ளம்

பையனின் இரண்டாவது சான்றுக்கு வருவோம். இந்தக் குன்றுகளில் பல இடங்களில் சுனைகள் உண்டு. சித்தன்னவாசலின் நாவற்சுனைக்குள் பாறையில் குடைந்த ஒரு சின்னச் சிவன் சந்நிதி நீருக்கடியில் இருக்கிறது. நார்த்தாமலை மேலமலையிலும் இப்படி ஒரு சுனை. எரிமலை வாய் என்று தோன்றுவது இயல்பு.

சுனையின் தொடக்கம் உள்ளங்கை அளவு குழி. உரிந்த தகட்டில் ஒரு சில்லு பெயர்ந்த இடமாக இருக்கலாம். மழை நின்றபின் சுற்றுப்பாறை காய்ந்துவிடும். குழியில் மட்டும் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் ஃபெல்ஸ்பாரைத் தாக்கும். ஃபெல்ஸ்பார் மெல்லக் களிமண்ணாக மாறும். பிடிமானம் போனதும் குவார்ட்ஸ் மணிகள் உதிரும். கோடையில் குழி வறண்டதும் காற்று தூசியை வாரிக்கொண்டு போகும். அடுத்த மழையில் வழிந்தோடும் நீர் மிச்சத்தைக் கழுவும். குழி பெரிதானால் தண்ணீர் இன்னும் அதிக நாள் நிற்கும், இன்னும் வேகமாகக் கரைக்கும். பள்ளம் பள்ளத்தை வளர்க்கிறது. அடியிலிருந்து எதுவும் பொங்கி வந்ததற்கான குழாய் சுனைக்குக் கீழே கிடையாது. மேலிருந்து விழுந்த மழைதான் அதைத் தோண்டியது.

கறுப்புத் தாரைகளும் மழையின் வேலை. சுனை நிரம்பி வழியும் தடத்தில் ஈரம் கொஞ்சம் அதிக நேரம் தங்கும். அந்த ஈரத்தை நம்பிக் கண்ணுக்குத் தெரியாத பாசி நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. வெயில் காலத்தில் உலர்ந்து கறுத்துக் கிடக்கும், மழை பட்டதும் பச்சை துளிர்க்கும். விரலால் தொட்டால் சரசரக்கும் மெல்லிய தோல். பையன் தொட்டுப் பார்த்தான். "அப்ப இது உயிரோட இருக்கா?" என்று கையை எடுத்துக்கொண்டான். குழம்பு ஓடிய தடம் என்று அவன் நினைத்தது ஒரு காட்டைப்போல வளர்ந்துகொண்டிருந்தது.

திருமயத்தில் உருண்டைகள்

திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. அதன் நடுவே இருக்கும் பாறையில்தான் பெருமாளுக்கும் சிவனுக்கும் அடுத்தடுத்துக் குகைக்கோயில்கள். கோட்டைக்குள் உருண்டைப் பாறைகளைப் பார்த்து, எந்த வெள்ளம் உருட்டி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. உருளவே இல்லை. வெல்லக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் முதலில் முனை கரையும், பிறகு விளிம்பு, கடைசியில்தான் பக்கம். முனையை மூன்று பக்கத்திலிருந்தும் நீர் தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து. விரிசல்களால் சதுரம் சதுரமாகப் பிரிந்த பாறையும் மண்ணுக்கடியில் இப்படித்தான் உருண்டையானது. பின்பு மண் போய்விட்டது, உருண்டை மட்டும் பிறந்த இடத்திலேயே நிற்கிறது.

மேலிருந்த பாறை எங்கே போனது?

கரைந்த பாறை காணாமல் போவதில்லை. புதுக்கோட்டைக்குத் தெற்கே வெள்ளாற்றில் இறங்கி ஒரு கைப்பிடி மணலை லென்ஸில் பாருங்கள். கண்ணாடி மணிகள் குவார்ட்ஸ், நடுவில் வெளிர் சிவப்பாக ஒன்றிரண்டு ஃபெல்ஸ்பார், மினுமினுப்பது காக்காப்பொன். மேலமலையில் பின்னிக்கிடந்த அதே மூன்று பேர், இப்போது தனித்தனியாக. ஆறு இவற்றைப் பாக் நீரிணைக்குக் கொண்டுபோகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இப்படி உள்நாட்டிலிருந்து வந்த மணலும் சேறும் காவிரிப் படுகையின் அடியில் சில இடங்களில் 5 கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கின்றன.

களிமண் எல்லாம் கடலுக்குப் போய்விடவில்லை. கண்மாயின் அடியில் தங்கியது. இந்த மாவட்டத்து அய்யனார் கோயில்களில் நேர்த்திக்கடனாக வரிசை வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைச் செய்ய வேளார்கள் எடுப்பது அந்தக் கண்மாய் மண்ணை. ஒரு காலத்தில் சிவந்த ஃபெல்ஸ்பார் மணியாக 700 டிகிரியில் பிறந்தது, இற்றுக் களிமண்ணாகி, சூளையில் மறுபடி அதே அளவு சூட்டைப் பார்க்கிறது.

ஒரு வேண்டுகோள்

திரும்பும் வழியில் ஒரு பழைய குவாரி ஓரம் நின்றோம். இருபது ஆள் ஆழத்துக்கு வெட்டிய குழி, அடியில் பச்சைத் தண்ணீர். சுவரில் துளைபோட்ட கோடுகள் வரிசையாக. குவாரியைத் திட்டிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. இந்த மாவட்டத்தில் கல்லுடைப்பு ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்ற அதே காலத்தில், ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. கொத்தடிமையாக இருந்தவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். அந்தக் கைகளுக்கு இந்தக் கல்லின்மேல் உரிமை உண்டு. நாம் ஓட்டி வந்த சாலையின் ஜல்லியும் இங்கே எங்கோ உடைத்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு குன்று போனால் மறுபடி வராது. மேலே போர்த்தியிருந்த பல கிலோமீட்டர் பாறை நீங்கி இது வெளியே வரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. வெடியும் கிரஷரும் ஒரு சிறு குன்றைச் சில ஆண்டுகளில் முடித்துவிடும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று சட்டம் சொல்கிறது. நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் தம்மேல் எழுதிய எழுத்தாலும் குடைந்த கோயிலாலும் பிழைத்தன. எழுத்து எதுவும் இல்லாத குன்றுகளுக்கு அந்தக் கவசம் இல்லை. திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்மரங்களைத் தேசிய நிலவியல் சின்னங்களாக வேலி போட்டுக் காக்கிறோம். சுனையும் உரிதோலும் வரிமடிப்பும் நன்றாகத் தெரியும் இரண்டு மூன்று குன்றுகளையாவது, கல்வெட்டு இல்லாவிட்டாலும், புதுக்கோட்டையில் அப்படிக் குறித்து வைக்க வேண்டும். எந்தெந்தக் குன்று என்று சொல்லத் தகுந்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களும் கல்லுடைப்பவர்களும்தான். அவர்களை உட்காரவைத்துக் கேட்டு முடிவெடுங்கள்.